கராஜால் ஏறிய துக்கக் குதிரை

கராஜால் மலையின் மேல்முகாமில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். இறந்துபோன அசனாலியின் தம்பி ஜுமாதில். அசனாலியின் மனைவி ஜூராகான். அவர்களுடைய மகன் எர்னிஸ். மலை ஏறுவதற்கென்று அல்மாட்டியிலிருந்து வந்த கசாக்குப் பெண் ஷோல்பான். அவள் கணவன் தவுலெத். வேறு யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாகவும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகவும் சந்தையில் சொல்லித் திரிபவர்கள் அந்த மலையின் அடிவாரத்தைக்கூட மிதித்தவர்கள் அல்ல.

ஒரு குதிரையும் இருந்தது. சிக்கலே அதனால்தான்.

கராஜாலுக்கு யாரும் போவதில்லை. தலை குனிந்து நிற்கும் குதிரையின் பிடரியைப் போலக் கறுத்துக் கிடக்கும் பாறை விளிம்பு அது. ஆட்டுக்குப் புல் கிடையாது. வேட்டைக்காரர்கள்கூட முதல் கணவாயோடு திரும்பிவிடுவார்கள். அல்மாட்டிக்காரர்களுக்குப் பிடித்ததே அதுதான். பழைய வரைபடம் ஒன்றில் பெயர் இல்லாமல் உயரம் மட்டும் குறித்திருந்த அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு எர்னிஸைத் தேடி வந்தார்கள். மலைநடைக்கு ஆட்களைக் கூட்டிப்போவது அவன் பிழைப்பு. ஆனால் இரண்டாவது கணவாய்க்கு மேல் அவனுக்கு வழி தெரியாது. உயிரோடு இருப்பவர்களில் அந்த உச்சியில் நின்றவர் ஜுமாதில் ஒருவர்தான். இளவயதில் அண்ணனோடு ஏறியிருந்தார். வீடு தேடி வந்த விருந்தாளியை வழி தெரியாதவனோடு அனுப்புவது அந்தக் குடும்பத்துக்கு அழகல்ல என்பதால் தானே கூடப் புறப்பட்டார்.

அவர் விருந்தாளிகளோடு நடந்து வந்தார். எர்னிஸும் அண்ணி ஜூராகானும் கூடாரம், அடுப்பு, சாப்பாட்டு மூட்டைகளோடு முந்தின நாளே மேலே போயிருந்தார்கள். எதில் ஏற்றிப் போனார்கள் என்று அவர் கேட்கவில்லை. எங்காவது கழுதை இரவல் வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

மேல்முகாமுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் பாறையின் நெற்றிக்குப் போயிருந்தது. கூடாரம் போட்டாயிற்று. அண்ணி அடுப்பின்முன் குனிந்திருந்தார். கொஞ்சம் தள்ளி, சுமைச் சேணம் இறக்கப்படாத சாம்பல் நிறக் குதிரை ஒன்று நின்றது. அதன் பிடரி மழிக்கப்பட்டிருந்தது. வால் கையளவு மிச்சம் விட்டு நறுக்கப்பட்டிருந்தது.

ஜுமாதிலுக்குக் காதுக்குள் ரத்தம் இரைந்தது.

அது அண்ணன் ஏறிய குதிரை. வீட்டுத் தலைவன் கண்ணை மூடினால் அவனுடைய குதிரையின் வாலையும் பிடரியையும் நறுக்கி மேய்ச்சலில் விட்டுவிடுவார்கள். ஆண்டு நிறைவு விருந்து நடக்கும்வரை அதன் முதுகில் சேணம் ஏறக் கூடாது, சுமை ஏறக் கூடாது, குழந்தையைக்கூட உட்கார வைக்கக் கூடாது. விருந்தன்று அது அறுபட்டு எசமானோடு போய்ச் சேரும். பள்ளத்தாக்கில் மற்ற குடும்பங்கள் இந்த வழக்கத்தை எப்போதோ கைகழுவிவிட்டன. ஜுமாதில் விடவில்லை. அண்ணனின் குதிரைக்குத் தன் கையாலேயே வால் நறுக்கினார்.

விருந்து மட்டும்தான் இன்னும் நடக்கவில்லை. ஆண்டு முடிந்தபோது பனி முந்திக்கொண்டது. வசந்தத்தில் வைக்கலாம் என்றார்கள். அதற்குள் தலைநகரில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் வருவதாக வாக்குக் கொடுத்தார், ஆனால் இலையுதிர் காலத்தில்தான் தோதுப்படும் என்றார். அப்படிப்பட்டவர் வந்தால் அது அசனாலிக்குப் பெருமை என்று ஜுமாதில் நாளைத் தள்ளிவைத்தார். குதிரைப் பந்தயமும் வைப்பதாக அறிவித்து, வீட்டில் ஓடக்கூடிய குதிரைகளையெல்லாம் பயிற்சி கொடுப்பவனிடம் அனுப்பிவிட்டார். துக்கக் குதிரை வாலில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தது. அண்ணி கறுப்புத் துணியிலேயே இருந்தார்.

ஜுமாதில் இடுப்புக் கத்தியை உருவிச் சுமைக் கயிறுகளை அறுத்தார். மூட்டைகள் விழுந்தன. தேநீர்க் கெண்டி ஒன்று சரிவில் உருண்டு எங்கோ போய்ச் சேர்ந்தது.

"யார் வேலை இது?"

எர்னிஸ் ஒரு கணம் தாயைப் பார்த்தான். "நான்தான் சித்தப்பா."

"உனக்கு முதுகு இல்லையா?"

"இருக்கு, ஒண்ணுதான் இருக்கு. மத்த முதுகையெல்லாம் நீங்கதான் பந்தயத்துக்கு அனுப்பிட்டீங்களே."

விருந்தாளிகள் முன்னால் கை ஓங்குவது கேவலம் என்பதால் ஜுமாதில் கை ஓங்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அப்பன் மண்ணுக்குள் போய்க் குளிர்ந்து முடிவதற்குள் அவன் குதிரையைக் கழுதையாக்கியவன் என்றார். பள்ளத்தாக்கின் மேல்பக்கத்தில் குடியிருக்கும் மேல்ஆற்றுக்காரர்கள் காதுக்கு இது போனால், துக்கக் குதிரையை மூட்டை தூக்க விட்ட வீடு என்று பேரன் காலம்வரை சொல்வார்கள் என்றார். விருந்துக்கு வருகிறவன் கறியை வாயில் வைக்கும்போதே சிரிப்பான் என்றார். கசாக்குத் தம்பதிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் நாட்டிலும் இந்த வழக்கம் உண்டு. நறுக்கிய வாலைப் பார்த்ததுமே அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அண்ணி சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு கோப்பையை நீட்டினார்.

"சின்ன மிர்ஸா, தேநீர் ஆறுது."

புகுந்த வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மைத்துனரை அண்ணி அப்படித்தான், சின்னப் பிரபு என்ற பொருளில், கூப்பிட்டு வந்தார். ஜுமாதில் கோப்பையை வாங்கிக் குடிக்காமல் கல்லின் மேல் வைத்தார்.

அவர் முடிவு செய்துவிட்டார். விருந்தாளிகளுக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான். விடிந்ததும் உச்சிக்குப் போவது. திரும்பியதும் குதிரையைச் சுமையில்லாமல் தன் கையால் பிடித்து, மேய்ப்பர்கள் கண்ணில் படாத ஓடைப் பக்கமாக இறக்கி, பழையபடி மேய்ச்சலில் விடுவது. யாரும் பார்க்காதவரை எதுவும் நடக்கவில்லை. விருந்தன்று குதிரை மாசு இல்லாமல் நிற்க வேண்டும். அதற்கு மேல் அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கோபத்தோடு மலை ஏறக் கூடாது. கால் முந்தும், மூச்சு பிந்தும். ஜுமாதிலுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் மறுநாள் காலை முதல் கணவாயை ஓட்டமாகத்தான் கடந்தார். கறுத்த பலகைக்கல் காலடியில் ஓடுபோல உடைந்தது. காட்டாடுகள் மேல் விளிம்பில் நின்று பார்த்துவிட்டு மறைந்தன. தவுலெத் மெதுவாக, பெரியவரே, என் மனைவிக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, நின்று போகலாமா என்று கேட்டான். நிற்பதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றார் ஜுமாதில். சொன்ன பிறகு, விருந்தாளியிடம் அப்படிப் பேசியதற்காகத் தன்மேலேயே ஆத்திரப்பட்டு இன்னும் வேகமாக நடந்தார்.

இரண்டாவது கணவாய்க்கு மேல் பாதை என்று ஒன்றும் இல்லை. பனிநாக்கு ஒன்று இடதுபுறம் தொங்கும். அதைத் தொடாமல், பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். ஒருபுறம் நிழலில் கை விறைக்கும், மறுபுறம் வெயிலில் கழுத்து எரியும். எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடித்தால் கல் கையோடு வரும் என்பது அவருக்கு மறக்கவில்லை. ஷோல்பான் நன்றாகவே ஏறினாள். ஒரு முறைகூட முனகவில்லை. அவள்மேல் அவருக்குக் கோபம் இல்லை. பின்னால் வந்த எர்னிஸின் காலடிச் சத்தம்தான் அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தது.

உச்சி நாலு பேர் நெருங்கி உட்காரும் அளவுக்குத்தான் இருந்தது. காற்று தொப்பியைப் பறிக்கப் பார்த்தது. ஷோல்பான் ரொட்டித் துண்டுகளைப் பங்கு வைத்தாள். ஜுமாதில் உள்ளங்கைகளை விரித்து அண்ணனுக்காக ஓதினார். எல்லோரும் கைகளை முகத்தில் தடவி முடித்ததும் எர்னிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா இருந்தா அந்தக் குதிரைய சும்மா நிக்க விட்டிருப்பாரா, சித்தப்பா? விருந்தாளி மூட்டைய முதுகுல தூக்க, குதிரை பின்னால வெறும் முதுகோட வர? அவர் சிரிச்சிருப்பாரு."

"உங்கப்பன் செத்துட்டான். சிரிக்கமாட்டான். அதனாலதான் நாம பாத்து நடந்துக்கணும்."

தவுலெத் எல்லோரையும் படம் எடுத்தான். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஜுமாதில் மலையோடு சண்டைக்கு வந்தவர் மாதிரி நிற்கிறார் என்பார்கள். நின்றது அப்படித்தான்.

இறங்கும்போது அவர் வந்த வழியை விட்டுவிட்டார். விளிம்பு வழி சுற்று. நேர் கீழே சரளைச் சரிவு ஒன்று முகாமின் தலைமாட்டிலேயே போய் விழுகிறது. குதிகாலை ஊன்றிச் சரிந்தால் வெயில் இருக்கும்போதே குதிரையைக் கீழே கொண்டுபோய்விடலாம். இந்தச் சரிவு விருந்தாளிகளுக்கு வேண்டாம் என்று எர்னிஸ் சொன்னான். உன்னைக் கேட்கவில்லை என்றார். சரிவின் பாதியில் ஷோல்பானின் காலுக்கடியில் பெரிய கல் ஒன்று புரண்டு அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்குக் கேட்டது. அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது.

வந்த வழியிலேயே இறங்கியிருக்கலாமே என்று தவுலெத் ஒரே ஒரு தடவை சொன்னான். ஜுமாதில் குனிந்து கல்லைப் புரட்டித் தள்ளினார்.

மூவரும் அவளை முகாமுக்குத் தூக்கி வந்தபோது அண்ணி அடுப்பை விட்டு எழுந்து வந்தார். பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். கூடாரத்தின் இரண்டு முளைக்குச்சிகளை எடுத்து இருபுறமும் வைத்தார். கட்டுவதற்குத் துணி தேடினார். பிறகு தலையிலிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து, நீளவாக்கில் கிழித்து, இறுக்கிக் கட்டினார். துக்கம் முடியாத விதவை தலைத்துணியை அவிழ்ப்பதா என்று ஜுமாதிலின் நாக்கு நுனிவரை வந்தது. அடிபட்டவள் முன்னால் என்ன சொல்வது? நரைத்த கூந்தல் காற்றில் பறக்க, அண்ணி ரொட்டி சுற்றியிருந்த துணியை உதறித் தலையில் கட்டிக்கொண்டு சூப்பை இறக்கப் போனார்.

காலையில் பாதம் நீலம் பாரித்திருந்தது. தொலைபேசிக்கு அங்கே உயிர் கிடையாது. மருத்துவமனை ஆற்றுக்கு அப்பால், சாலை தொடங்கும் ஊரில். எர்னிஸ் குதிரையை அவிழ்த்துக் கொண்டுவந்து ஷோல்பானின் பக்கத்தில் நிறுத்தினான்.

"இல்ல," என்றார் ஜுமாதில். "நாம தூக்கிட்டுப் போறோம்."

ஷோல்பானும் அதையே சொன்னாள். வலியில் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் இறந்தவர் குதிரையில் நான் ஏறமாட்டேன், பெரியவர் சொல்வது சரி, என் பாட்டனாருக்கும் இப்படித்தான் செய்தோம் என்றாள். அந்தப் பெண்ணுக்கு இருக்கும் மரியாதை சொந்த ரத்தத்துக்கு இல்லையே என்று ஜுமாதில் நினைத்தார். அந்த நினைப்பு அவருக்குச் சுகமாக இருந்தது.

கம்பளத்தைத் தொட்டில்போல முதுகில் கட்டி, ஆண்கள் மூவரும் மாறி மாறி அவளைச் சுமந்தார்கள். ஜுமாதில் தன் முறையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சுமக்காத நேரத்தில் குதிரையின் கடிவாளத்தைத் தானே பிடித்துக்கொண்டார். அண்ணி அடுப்பையும் கூடாரத்தையும், குதிரையிலிருந்து இறக்கிய சேணத்தையும் முதுகில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார். இப்படியாக முறிந்த காலோடு ஒருத்தி மனிதர்கள் முதுகில் குலுங்க, வயதான ஒருத்தி மூட்டைக்கடியில் குனிய, திடகாத்திரமான குதிரை ஒன்று வெறும் முதுகோடு, வழியோரப் புல்லைக் கடித்துக்கொண்டு, பெருமையாக இறங்கி வந்தது.

பனியாற்றைக் காலையில் கடந்திருக்க வேண்டும். காலையில் தண்ணீர் முழங்காலளவு. வெயில் ஏறினால் மேலே பனி உருகி, ஆறு சாம்பல் கரைத்தது மாதிரிப் புரண்டு வரும். தூக்கிச் சுமந்து இறங்கியதில் பொழுது போய்விட்டது. அவர்கள் கரைக்கு வந்தபோது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது, அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. தவுலெத் மனைவியைச் சுமந்தபடி இறங்கிப் பார்த்தான். நாலு அடி வைப்பதற்குள் நீர் அவனைத் தள்ளியது. எர்னிஸ் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். ஷோல்பானின் கால் கல்லில் இடித்தது. அப்போதுதான் அவள் முதல்முறையாக அலறினாள்.

ஜுமாதில் கடிவாளத்தைப் பிடித்தபடி நின்றார். நாளைக் காலைவரை இங்கேயே தங்கிவிடலாம், தண்ணீர் வடியும் என்றார்.

அண்ணி மூட்டையைத் தரையில் எறிந்தார். நடந்து வந்து மைத்துனருக்கு எதிரில் நின்றார்.

"ஜுமாதில்."

அந்த வாயிலிருந்து அந்தப் பெயர் அதுவரை வந்ததே இல்லை. அவருக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது.

"சேணம் போட்டது நான். பையன் இல்ல. எனக்காக உன்கிட்ட திட்டு வாங்கினான். வருஷம் முடிஞ்ச அன்னைக்கே இந்தக் குதிரை மேல இருந்த துக்கம் முடிஞ்சுபோச்சு. எனக்கும் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் என்னைக் கறுப்புல உக்கார வச்சது என் புருஷன் இல்ல, நீ. யாரோ ஒருத்தன் தலைநகரத்துல இருந்து வருவான்னு வாசலப் பாத்துக்கிட்டு இருக்கியே, அவனுக்கு உங்க அண்ணன் பேராவது தெரியுமா?"

ஜுமாதில் வாயைத் திறந்தார். குடும்பம், மானம், மேல்ஆற்றுக்காரர்கள் எல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றன.

"மேல்ஆத்துக்காரங்க என்ன சொல்லுவாங்கன்னா கேக்குற?" என்றார் அண்ணி, அவர் கேட்பதற்கு முன்பே. "அசனாலி வீட்டு வாசல்ல கால் ஒடிஞ்ச பொம்பளை ஒருத்தி செத்துக்கிடந்தா, பக்கத்துல குதிரை புல்லு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. கடிவாளத்தக் குடு."

"தரமாட்டேன், அண்ணி."

அவர் சொன்னது அவ்வளவுதான். அண்ணி அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவில்லை, கெஞ்சவில்லை. கடிவாளத்தைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தார். ஜுமாதில் பலசாலி, பிடித்திருக்கலாம். அண்ணன் மனைவியோடு கயிறு இழுக்க முடியாது. வார் அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு போயிற்று.

ஷோல்பான் மறுபடியும் வேண்டாம் என்று தலையாட்டினாள். இது என் புருஷன் குதிரை, நான் சொல்கிறேன், ஏறு என்றார் அண்ணி. எர்னிஸும் தவுலெத்தும் மூட்டையிலிருந்த சேணத்தைக் குதிரைமேல் கட்டி, அவளைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். அண்ணி பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு குதிரையின் தலையைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கினார். இத்தனை காலம் மேய்ந்தே கிடந்த குதிரை, ஆற்றுக்குள் கால் வைத்ததும் எதையும் மறக்காததுபோல ஒவ்வொரு குளம்பாகத் தடவித் தடவி வைத்து நடந்தது.

மற்றவர்கள் சேணவாரைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். ஆற்றைக் கடக்கும்போது கடைசியில் வருகிறவன் குதிரையின் வாலைப் பிடித்துக்கொள்வான். ஜுமாதில் கடைசியில் இறங்கினார். பிடிக்க அங்கே வால் இல்லை. நடு ஆற்றில் விழுந்தார், தொப்பி போயிற்று, எழுந்தார், திரும்பவும் விழுந்தார். அக்கரையிலிருந்து எர்னிஸ் கை நீட்டினான். அவர் அந்தக் கையைப் பிடிக்காமல், புதரைப் பற்றிக் கரையேறினார். அங்கிருந்து சாலைவரை தனியே முன்னால் நடந்தார்.

ஷோல்பானின் கால் பிழைத்தது.

அண்ணி அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை. அந்த மாதமே விருந்துக்கு நாள் குறித்து, ஆள் விட்டு எல்லோரையும் அழைத்தார். பந்தயம் இல்லை. தலைநகரத்துக்காரர் இல்லை. சாம்பல் குதிரையை அறுக்கவும் விடவில்லை. சேணம் ஏறிய குதிரை இனி மகனுடையது என்றார், அறுப்பதற்கு வேறு குதிரை பிடித்தார்கள். துக்கம் முடிந்ததற்கு அடையாளமாகக் கூட்டுக்குடும்பத்துப் பெண்கள் அண்ணிக்குக் கறுப்பை எடுத்து முறைப்படி வெள்ளைத் துணி கட்டினார்கள். ஜுமாதில் வரமாட்டார் என்று பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். அண்ணன் விருந்துக்கு வராமல் இருக்க அவர் யார்? வந்தார். தம்பி நிற்க வேண்டிய இடத்தில் நின்று விருந்தாளிகளின் குதிரைகளைப் பிடித்து இறக்கினார். அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் வார் தேய்த்த காயம் இன்னும் ஆறவில்லை. கோபமும் அப்படியே இருந்தது.

ஷோல்பானும் தவுலெத்தும் மருத்துவமனையில் கேட்டவர்களுக்கெல்லாம் நன்றியோடு நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அது தேநீர்க்கடைகளைத் தாண்டி வரும்போது வேறொன்றாகியிருந்தது. பெரிய கூடாரத்தில் கறி வைத்தபோது, மேல்ஆற்றுக்காரர்களின் மூத்தவர் சாதிர் மூத்தவர் என்ற மரியாதைக்குத் தனக்கு வந்த தொடை எலும்பைத் தட்டோடு தூக்கி ஜுமாதிலின் பக்கம் நகர்த்தினார். எல்லோரும் கேட்கும்படி பேசினார். வழக்கத்தை வைத்திருக்கும் வீடு பள்ளத்தாக்கில் இது ஒன்றுதான். அப்படிப்பட்ட வழக்கத்தையே அடிபட்ட விருந்தாளிக்காக ஒதுக்கிவைத்து, அண்ணனின் துக்கக் குதிரையில் அந்நியப் பெண்ணைத் தன் கையால் ஏற்றிவிட்டவர் ஜுமாதில். இந்தப் பங்கு எனக்கல்ல, அவருக்கு என்றார். கூடாரம் முழுக்கத் தலையாட்டியது. வாசலருகே பரிமாறிக்கொண்டிருந்த எர்னிஸ் நின்றான். அண்ணி கெண்டியை இறக்கி வைத்தார். இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஜுமாதிலும் சும்மா இருந்திருந்தால் அது அப்படியே நிலைத்திருக்கும்.

ஜுமாதில் முதுகை நிமிர்த்தி, தட்டைத் திரும்பச் சாதிரிடம் தள்ளினார்.

"அது பொய். நான் குடுக்கல. தரமாட்டேன்னுதான் சொன்னேன். அண்ணிதான் என் கையிலருந்து கடிவாளத்தப் பிடுங்கினாங்க."